ஹெல்மெட்டுக்குள் அண்ணி

என் அண்ணியைத் தொலைபேசியில் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவரை "சார்" என்றுதான் அழைப்பார்கள். அண்ணியின் சொந்தக் குரல் அப்படி. கரகரவென்று, சிமெண்டுத் தரையில் இரும்பு நாற்காலியை இழுத்த மாதிரி இருக்கும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, எங்கள் அடுக்குமாடியில் அண்ணி படியேறுவதற்கு முன்பே அவர் குரல் ஏறி மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருக்கும். "சார், உங்களுக்கு ஒரு பார்சல்" என்று யாராவது சொன்னால், "சரிங்க, கீழயே வெச்சுடுங்க" என்பார். திருத்தவே மாட்டார். "எத்தனை பேரைத் திருத்துறது? சார்னு சொன்னா கொஞ்சம் மரியாதையாவது கிடைக்குது" என்பது அவர் கட்சி.

அந்தத் தொண்டைக்குள்தான் எட்டு வயதுப் பையன் ஒருவன் குடியிருந்தான்.

அண்ணியின் தொழில் டப்பிங். வெளிநாட்டுப் படங்களுக்கு நம் மொழியில் குரல் கொடுப்பது. தொழிலுக்கு அவர் வந்த விதமே ஒரு கூத்து. என் அண்ணன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். நாள் முழுக்க ஏதாவது ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கிடப்பார். வேலை நடுவே போன் செய்தால் எடுக்க மாட்டார், மகள் பேசினால் மட்டும் எடுப்பார். அண்ணி என்ன செய்தார்? மகளின் குரலில் பேசிப் பழகிக்கொண்டார். "அப்பா, வரும்போது ரொட்டி வாங்கிட்டு வாப்பா" என்று கொஞ்சலாகச் சொல்வார். அண்ணனும் உருகிப்போய் வாங்கி வருவார். குழந்தை பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரத்தில் எப்படிப் பேசியது என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு அவ்வளவுதான் மூளை.

எங்கள் மாடியிலேயே குடியிருந்த ஒருவர் ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை செய்தார். அவர் இதைக் கேட்டுவிட்டு அண்ணியை அழைத்துப்போனார். அன்றிலிருந்து பல வருடம் அண்ணிக்குக் கிடைத்ததெல்லாம் தொட்டில் குழந்தையின் அழுகையும் கூட்டத்தின் கூச்சலும்தான். "ஐயோ, ஓடுங்க!" என்று அவர் ஓடாத நகரம் இல்லை. வெள்ளத்தில் செத்திருக்கிறார், எரிமலையில் செத்திருக்கிறார், ராட்சதப் பல்லியின் காலடியில் இரண்டு தடவை செத்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு நல்லா செத்தேன், டீ போடு" என்பார்.

பிறகு வந்ததுதான் பொட்டலம்.

காந்தக்கையன் என்றொரு சூப்பர்ஹீரோ. கையை நீட்டினால் இரும்பெல்லாம் பறந்து வந்து ஒட்டிக்கொள்ளும். எனக்கு இந்த வகைப் படங்களே ஆகாது. நான் சலவைக் கடையில் வேலை செய்கிறவள். கட்டிடம் இடிகிறது, புழுதி பறக்கிறது, படம் முழுக்க அதே ஒரு சட்டை. அதில் ஒரு கறை கிடையாது, ஒரு சுருக்கம் கிடையாது. யாரை ஏமாற்றுகிறார்கள்? ஆனால் அந்தப் படத்தில் ஒரு குழந்தை வரும். எரிகிற வீட்டிலிருந்து காந்தக்கையன் அதைக் கம்பளியில் சுருட்டிப் பொட்டலமாகத் தூக்கி வருவான். அதனால் பெயரே பொட்டலம். தலையில் ஒரு பெரிய ஹெல்மெட். படம் முழுக்கக் கழற்றவே கழற்றாது. வாயும் மோவாயும் மட்டும் தெரியும். பொய் சொல்வதற்கு முன் கீழுதட்டை இடப்பக்கமாகக் கடித்துக்கொள்ளும். ஆபத்து வரும்போதெல்லாம் ஹெல்மெட்டோடு விறைத்து நின்று, "நான் பயப்படல. சும்மா கண்ணை மூடிக்கிட்டேன்" என்று சொல்லும்.

அந்த வசனத்தைச் சொன்னது என் அண்ணி. தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் சொன்னார்கள், பேருந்தில் கல்லூரிப் பிள்ளைகள் சொன்னார்கள், என் கடை முதலாளிகூட பல் மருத்துவரிடம் போய்வந்து சொன்னார். அது அண்ணி என்று யாருக்கும் தெரியாது. டப்பிங்காரர்களின் பெயர் கடைசியில், எல்லாரும் எழுந்து செருப்பைத் தேடுகிற நேரத்தில் ஓடும்.

பொட்டலம் பேசுவது மகளின் எட்டு வயதுக் குரல்தான். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கிடந்த அண்ணனை ஏமாற்றிய அதே குரல். மகள் வளர்ந்து கல்லூரிக்குப் போய்விட்டாள், குரலும் மாறிவிட்டது. பொட்டலத்திடம் மட்டும் அது அப்படியே இருந்தது. இரண்டாம் பாகம் வரப்போகிறது என்ற செய்தி வந்த அன்று அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் முன்னோட்டம் வந்தது. மகள் கைப்பேசியை நடுக்கூடத்து மேசையில் சாய்த்து வைத்தாள். நாங்கள் நாலு பேரும் குனிந்து பார்த்தோம். காந்தக்கையன் வானத்திலிருந்து திரும்பி இறங்குகிறான். திரையில் எழுத்து: பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு. நகரமே மாறிப்போயிருக்கிறது. சாம்பல் நிற முகமூடி போட்ட ஒருத்தி கூரைமேல் நிற்கிறாள். அப்புறம் புழுதியில் ஒரு ஹெல்மெட், நடுவில் விரிசலோடு. அவ்வளவுதான். பொட்டலம் எங்கேயும் இல்லை.

"பன்னெண்டு வருஷமா?" என்றாள் மகள். அவள் முகம் சுருங்கிவிட்டது. "அத்தை, அவனைக் கொன்னுட்டாங்க."

அன்றிலிருந்து எங்கள் வீடு எழவு வீடாகிவிட்டது. மகளுக்கு ஒரு ரசிகர் குழு உண்டு. அதில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே கவலையைத் திருப்பித் திருப்பி அரைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு வருடம் பொட்டலத்துக்கு யார் சோறு போட்டது? விழுந்த முன்பல் முளைத்ததா? சைக்கிள் கற்றுத் தருகிறேன் என்று காந்தக்கையன் வாக்குக் கொடுத்தானே, அது என்ன ஆயிற்று? ஒருவர் பொட்டலம் இயந்திர மனிதன் என்றார். இன்னொருவர் பொட்டலமே சின்ன வயதுக் காந்தக்கையன்தான் என்றார். வெளிநாட்டு ரசிகர்கள் சிலர் அது பெண் குழந்தையாக இருக்கலாம் என்றுகூட எழுதியிருந்தார்களாம்.

அதைக் கேட்டதும் அண்ணிக்குச் சுருக்கென்றது. "பொண்ணா? நான் தொண்டை கிழியப் பையனா பேசியிருக்கேன், இவங்க யாரு புதுசா?"

அண்ணனுக்கு வேறு கவலை. "முதல் பாகத்துல காந்தக்கையனோட குகையில ஒரு ஃப்ரிட்ஜ் இருந்துச்சே, போகும்போது அவன் அதை அணைச்சதா எனக்கு ஞாபகமே இல்ல. பன்னெண்டு வருஷம் ஓடினா கம்ப்ரஸர் என்னத்துக்கு ஆகும்?"

நாங்கள் சிரித்தோம். அண்ணி சிரிக்கவில்லை. அன்று மாலை மாடியில் துணி காயப்போடும்போது என்னிடம் சொன்னார்: "நாத்தனாரே, செத்திருந்தா எனக்கு வேலை இல்ல. உயிரோட இருந்தா இருபது வயசு ஆம்பள, அப்பவும் எனக்கு வேலை இல்ல. எப்படிப் பாத்தாலும் போச்சு."

"வேற குழந்தை கிடைக்காதா அண்ணி?"

"கிடைக்கும். ஆனா அது என் பொண்ணோட குரல்டி. அதை வெச்சுக்க எனக்கு வேற இடம் இல்ல."

வாய்க்குள் க்ளிப்பைக் கடித்துக்கொண்டு சொன்னதால் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே எனக்குப் போதுமாக இருந்தது. நாத்தனாரும் அண்ணியும் ஒரு வீட்டில் ஒத்துப்போனால் உலகம் நம்பாது என்பார்கள். எங்கள் விஷயத்தில் உலகம் நம்பாமலே இருக்கட்டும், எனக்கு அந்த நிமிடம் அழுகை வந்தது.

அண்ணி புலம்பலோடு நிறுத்திக்கொண்டாரா என்றால் இல்லை. இருபது வயது ஆணின் குரலைப் பழகப்போகிறேன் என்று கிளம்பிவிட்டார். ஐஸ் தண்ணீரைக் குடித்தார். தலையணையில் வாயைப் புதைத்துக் கத்தினார். சமையலறையில் நின்று, "ஏய், யார்றா நீ?" என்று அடிக்குரலில் மிரட்டுவார், குக்கர் பதில் சொல்லும். அண்ணன் ஒருநாள் தட்டை வைத்துவிட்டு, "அம்மணி, வீட்டுக்குள்ள யாரோ ஒரு கெட்டவன் பூந்துட்டான், அவன் போனதும் என்னைக் கூப்பிடு" என்று வெளியே போய்விட்டார். சும்மா இருந்தாலே சார் என்று கூப்பிடப்படுகிற அண்ணி, முயற்சி செய்து ஆண்குரலில் பேசினால் மட்டும் கோமாளி மாதிரி இருந்தது. அதுதான் வேடிக்கை.

ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தபோது அதிலும் பொட்டலத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. "கூட்டம், அலறல், ஒரு நாள் வேலை" என்றார்களாம். அண்ணி வளையலையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்தார். மொடமொடப்பில்லாத பழைய பருத்தி உடையைப் போட்டுக்கொண்டார். மைக்குக்குத் துணி உரசினாலும் கேட்கும், வயிறு கூவினாலும் கேட்கும். அதனால் கிளம்புமுன் இரண்டு வாழைப்பழம். மகள் வாசல்வரை வந்து, "அம்மா, அவன் எப்படிச் செத்தான்னு தெரிஞ்சா எங்கிட்டச் சொல்லாத" என்றாள்.

அங்கே நடந்ததை அண்ணி பிற்பாடு சொல்லித்தான் நான் அறிவேன்.

இந்த மாதிரிப் பெரிய படங்களின் காட்சிகளை டப்பிங்காரர்களுக்கு முழுதாகக் காட்ட மாட்டார்கள். திருடிவிடுவார்கள் என்று பயம். திரை முழுக்க இருட்டாக இருக்கும். யார் பேசுகிறார்களோ அவர் வாய் மட்டும் ஒரு வட்டத்துக்குள் தெரியும். முதல் பாகத்தையும் அப்படித்தான் செய்தார்கள். பல் விழுந்த ஒரு சின்ன வாய், எழுத்துப் பிரதியில் "குழந்தை" என்று ஒரு சொல், அவ்வளவை வைத்துக்கொண்டுதான் அண்ணி பொட்டலமானார். இந்த முறை அதையும் துண்டு துண்டாக, முன்பின் தெரியாமல் அனுப்பியிருந்தார்கள்.

டப்பிங் இயக்குநர் காலையிலிருந்து தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். சாம்பல் முகமூடிக்காரிக்கு ஆள் கிடைக்கவில்லை. புகையில் வெந்த தொண்டை வேண்டும் என்று குறிப்பு. வந்த பெண்களெல்லாம் கிளி மாதிரி பேசினார்கள். கரகரப்பாகப் பேசச் சொன்னால் இருமினார்கள்.

அண்ணி உள்ளே போய்க் கூட்டத்தோடு நின்று வழக்கம்போல அலறிச் செத்தார். செத்து முடித்ததும், மைக்கு திறந்திருப்பது தெரியாமல், "ஏம்ப்பா, அந்த ஏசியைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா? செத்தவங்களுக்கே குளுருது" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் நிமிர்ந்தார். "யாரு பேசினது?"

"நான்தான் சார்."

"அக்கா, உங்க குரல் இப்படியா இருக்கும்?"

எத்தனையோ வருடப் பழக்கம். ஆனால் அந்த அறைக்குள் அண்ணி குழந்தையாகவோ கூட்டமாகவோதான் பேசியிருக்கிறார். வெளியே இருக்கும்போது தொண்டையைக் காப்பாற்ற வாயே திறக்க மாட்டார். அவர் சொந்தக் குரலை இயக்குநர் அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கேட்டார். "அப்படியே நில்லுங்க. எதையும் மாத்தாதீங்க. இதை மட்டும் பேசிப் பாருங்க" என்று ஒரு காட்சியை ஓட்டினார்.

இருட்டுத் திரை. வட்டத்துக்குள் ஒரு பெண்ணின் வாய். வசனம் ஒரே வரி: எனக்கு உங்களைத் தெரியாது. அந்த வாய் பேசுவதற்கு முன், கீழுதட்டை இடப்பக்கமாகக் கடித்துக்கொண்டது.

அண்ணி பேசவில்லை. காட்சி ஓடி முடிந்தது. மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் பேசவில்லை. அவர் உதடு மட்டும் அவரைக் கேட்காமலே இடப்பக்கம் போய்ப் பல்லுக்கடியில் உட்கார்ந்துகொண்டதாம்.

"என்னக்கா?"

"சார், இது பொட்டலம்."

இயக்குநர் சிரித்தார். "பொட்டலம் பையன்க்கா."

"நாமதான சார் பையன்னு சொன்னோம்? அவங்க எங்க சொன்னாங்க?"

இயக்குநர் எழுந்துபோய்ப் படக் கம்பெனிக்குப் போன் போட்டார். திரும்பி வரும்போது அவர் முகம் வெளிறி, வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. "நான் கேட்டு முடிக்கலக்கா. அதுக்குள்ள, 'இதை யார் உங்களுக்குச் சொன்னது'ன்னு கத்துறாங்க."

முதல் பாகத்துக்குத் தமிழில் வசனம் எழுதியவரும் இந்த இயக்குநர்தான். குழந்தை ஓங்கி ஓங்கிக் குத்துகிறது, வாய்ச்சவடால் அடிக்கிறது; சரி, பையன் என்று எழுதிவிட்டாராம். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க வீட்ல. ரெண்டும் என்னைக் குத்தும். அப்பவும் எனக்குப் புத்தி வரல பாருங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் மட்டும்? என் பொண்ணோட குரலை எடுத்துப் பேசிட்டு, அதைப் பையன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

சொல்லிவிட்டு அண்ணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இயக்குநருக்கும் வந்தது. இரண்டு பேரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதல் பாகம் முழுக்கக் காந்தக்கையன் வாடா போடா என்று கூப்பிட்டிருக்கிறானே என்று இயக்குநர் திடீரென்று பதறினார். "அதுக்கென்ன? நான் என் பொண்ணை இன்னிக்கும் வாடா செல்லம்னுதான் கூப்பிடறேன்" என்றார் அண்ணி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று சாயங்காலமே முகமூடிக்காரி அண்ணிக்கு உறுதியானாள். வெளியே யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தவர் எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கூட்டம். வழக்கம்போல செத்தேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை அடுத்த சில வாரம் கண்ணால் பார்த்தேன். அண்ணி காரணமில்லாமல் சிரித்தார். பாத்திரம் தேய்க்கும்போது பாடினார். அந்தக் குரலில் பாடினார் என்பதைக் கவனிக்கவும். ஐஸ் தண்ணீர் நின்றது. "கூட்டத்துல நெறைய அலறணுமாம்" என்று வாரத்தில் பாதி நாள் வாழைப்பழத்தோடு கிளம்பினார். அந்தப் பக்கம் மகள் துக்கம் அனுசரித்துக்கொண்டிருந்தாள். தாயும் மகளும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். ஒருத்தி பெருமூச்சு விடுவாள், இன்னொருத்தி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிப்பாள். அண்ணிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நான் முடிவு செய்தேன்.

படம் வெளியாகும் வாரம் மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். "நான் வரல. அவன் செத்ததை நான் போய் உக்காந்து பாக்கணுமா?"

அண்ணியின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மகள் வரமாட்டாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். காப்பாற்றியது அண்ணன்தான், அதுவும் ஒன்றும் தெரியாமலே. "நீ வந்தா வா, வராட்டி போ. எனக்கு அந்த ஃப்ரிட்ஜ் என்ன ஆச்சுன்னு தெரியணும்" என்று நாலு டிக்கெட்டை மேசையில் போட்டார். அப்பா தனியாகப் போய்த் தூங்கிவிடுவாரே என்று மகள் கிளம்பினாள்.

பாதிப் படம்வரை முகமூடிக்காரி வாயே திறக்கவில்லை. கூரைக்குக் கூரை தாவினாள், காந்தக்கையனைத் தூக்கி எறிந்தாள். பொட்டலத்தைப் பற்றிப் பேச்சில்லை. மகள் கைக்குட்டையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். ஒருவழியாகக் காந்தக்கையன் அவளை ஒரு சுவரோரம் மடக்கி, "யாரு நீ? என்னை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

அவள் முகமூடியின் கீழ்ப்பாதியை மேலே தள்ளினாள். உதட்டை இடப்பக்கமாகக் கடித்தாள்.

"எனக்கு உங்களைத் தெரியாது."

அரங்கம் முழுக்க, சுவருக்குச் சுவர், சிமெண்டுத் தரையில் நாற்காலியை இழுத்த சத்தம். காலையில் எங்களை எழுப்புகிற குரல். மகள் மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அண்ணி திருடன் மாதிரி நேராகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை," என்று என் கையைக் கிள்ளினாள் மகள். "அந்த உதடு... அம்மா குரல்... அத்தை, அது பொட்டலம்! செத்துப் போகல! பொட்டலம் பொண்ணு!"

அரங்கத்தில் அங்கங்கே சலசலப்பு ஆரம்பித்துவிட்டது. திரையில் காந்தக்கையன் விரிசல் விட்ட ஹெல்மெட்டைக் கையில் எடுத்தான். "தெரியாதுன்னா, ஏன்டா கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறே?"

"நான் பயப்படல," என்றது அண்ணியின் குரல், கரகரவென்று, பன்னிரண்டு வருடப் புகையோடு. "சும்மா கண்ணை மூடிக்கிட்டேன்."

அப்புறம் எனக்கு வசனம் எதுவும் கேட்கவில்லை. அரங்கமே எழுந்து கத்தியது. யாரோ அழுதுகொண்டே விசிலடித்தார்கள். வெளிநாட்டு ரசிகர்களுக்கு ஒரு சந்தேகம் தீர்ந்ததோடு சரி. எங்களுக்கோ ஒரு பையன் செத்து ஒரு பெண் பிழைத்து வந்திருந்தாள். டப்பிங்கில் நடந்த தப்பு எங்களுக்கு இரட்டைச் சந்தோஷமாகக் கிடைத்தது. மகள் அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "சொல்லவே இல்லையேம்மா, பாவி, சொல்லவே இல்லையே" என்று முதுகில் குத்தினாள். அண்ணன் எங்கள் பக்கம் சாய்ந்து, "ஃப்ரிட்ஜைக் காட்டுவாங்களா மாட்டாங்களா?" என்றார். எனக்கு அந்தப் பெண்ணின் அழுக்குச் சட்டைகூட அன்று அழகாகத்தான் இருந்தது.

எல்லாரும் உட்கார்ந்த பிறகும் அண்ணி நின்றுகொண்டே இருந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"முன்னாடி நிக்கிறவங்க, கொஞ்சம் உக்காருங்க, மறைக்குது" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

அண்ணி திரும்பாமலே, "இதோ உக்காந்துட்டேம்ப்பா, கோச்சுக்காதீங்க" என்றார்.

பின்வரிசை அப்படியே அடங்கிப்போனது. பாப்கார்ன் மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, ஒரு சின்னப் பெண் குழந்தை தன் அப்பாவிடம் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னது:

"அப்பா, மறைச்சா மறைக்கட்டும்ப்பா. அது பொட்டலம்."